ஆண்கள் ஞாயிறும் எபிரேயச் சொற்களும்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெயில். சர்ச்சில் ஒரு ஃபேன் ஓடவில்லை. அதன் கீழே நான்.

மானம் போன கதையை முதலில் எழுதிவிடுகிறேன். ஆராதனை முடிந்து ஆண்கள் ஐக்கியக் கூட்டம். கண் சொருகிவிட்டது. செயலாளர் எட்வின் ஏதோ கேட்டார், சுற்றி ஒருவரும் அசையவில்லை. பிரியாணிக்கு எத்தனை பேர் என்று கேட்கிறார் என நினைத்துக் கையைத் தூக்கினேன். இரண்டு கையும். மனைவி கிரேஸுக்கும் சேர்த்து.

"பாருங்க, சாருக்கு எவ்ளோ ஆர்வம்!" கைதட்டல் வேறு.

அடுத்த வாரம் ஆண்கள் ஞாயிறு. வருஷத்தில் அன்று ஒரு நாள் ஆயர் கீழே உட்காருவார், சபை ஆண்களில் ஒருவன் மேலே நின்று பேசுவான். அந்த ஒருவன் நானாம்.

பிரசங்கம் வராதுங்க ஐயா என்றேன். ஆயர் விடவில்லை. "பிரசங்கம் வேணாம். இங்கிலீஷ்ல வழங்கற எபிரேயச் சொற்கள், அது எங்கேருந்து வந்துச்சு, அவ்வளவுதான். பசங்க தூங்காம கேப்பாங்க." தூங்காம என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

ஆங்கிலம்: பத்தாவதில் தட்டுத்தடுமாறிப் பாஸ். எபிரேயம்: ஆமென், அல்லேலூயா. இரண்டையும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

வீட்டில் ஜெமி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் என்பதால் மன்னிப்பு. லேப்டாப்பில் தேடித் தருகிறேன் என்றாள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, "அப்பா, புதன்கிழமை ஒருத்தனைக் கூட்டிட்டு வரேன். ஜோயல். ஆபீஸ்ல என் டீம். கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

கிரேஸ் கையில் கரண்டி அப்படியே நின்றது. "கிறிஸ்டியனா?"

"ஆமாம்மா."

"ஸ்தோத்திரம்." கரண்டி மறுபடி ஓடியது.

நானும் மனசுக்குள் ஸ்தோத்திரம்.  

ஜூலை 8, செவ்வாய்

அம்பத்தூர் வரை ரயிலில் நின்றுகொண்டே மனப்பாடம். பக்கத்தில் நின்றவர் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் இடம் விட்டார்.

ஜெமி தந்ததில் மண்டையில் நின்றவை:

ஆமென் – உறுதி, நிச்சயம்.

சப்பாத் – வேலையை நிறுத்துவது. பெரிய கம்பெனிகளில் நீண்ட லீவுக்கு 'சபாட்டிகல்' என்கிறார்களே, வேர் இதுதான். எங்கள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் அதற்கு லாஸ் ஆஃப் பே என்று பெயர்.

ஜூபிலி – ஆட்டுக்கடாவின் கொம்பு. அதை ஊதினால் அடிமைக்கு விடுதலை. நாம் ஜூபிலி என்றால் டிபன் பாக்ஸ் கொடுக்கிறோம்.

செரப் – நம்ம வேதத்தில் கேருபீன். கிறிஸ்துமஸ் கார்டில் கன்னம் உப்பிய குழந்தை. மூலத்தில் ஏதேன் வாசலில் காவல் நிற்கிற ஆள். பக்கத்தில் நெருப்புப் பட்டயம். உள்ளே விடமாட்டார்.

சாக் – யோசேப்பின் அண்ணன்மார் தானியம் கட்டிய மூட்டை. கிரேக்கம், லத்தீன் என்று சுற்றி ஆங்கிலத்துக்கு வந்ததாம். எங்கள் ஸ்டோர்ஸ் மூலையில் கிடக்கிற சாக்கும் ஏதோ தூரத்துச் சொந்தமாக இருக்கும்.

சைடர் – இப்போது ஆப்பிள் ரசம், மூலத்தில் போதை ஏறுகிற எந்தப் பானமும். (சபையில் சொல்ல வேண்டாம். சிலருக்கு ஆர்வம் அதிகமாகிவிடும்.)

மன்னா – வானத்திலிருந்து விழுந்ததைப் பார்த்து ஜனங்கள் 'இது என்ன' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியே பெயராக நின்றுவிட்டது என்கிறார்கள்.

மன்னாவை மட்டும் மதியம் கஜாவிடம் சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன், என் வயசு. சோற்றுக் கையோடு சிரித்தான். "அப்போ அவுங்கோ நம்ம ஏரியா ஆளுங்கதான் மாமே. இன்னாது இது, இன்னாது இதுன்னு கேட்டுகினே மொத்தத்தையும் துன்னுட்டாங்கோ பாரு!"

இதை மேடையில் அப்படியே சொல்ல வேண்டும். கஜா பேரைச் சொல்லாமல்.

ராத்திரி சாப்பாட்டில் கிரேஸ், ஜெமி காதில் விழாமல்: "நாளைக்கு அந்தப் பையன் வந்தா எந்த ஊருன்னு கேளுங்க. நான் கேட்டா நல்லாருக்காது."

ஜூலை 9, புதன்

சாயங்காலம் தூறல். நனைந்துகொண்டே வந்தான், பைக்கில். ஒல்லி. மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைக்க, சட்டையும் ஈரம். பார்க்கப் பாவமாக இருந்தது. கிரேஸ் துண்டு கொடுத்தாள். கேசரி, மிக்சர், காபி.

நல்ல பையன். எழுதுகிறேன், நல்ல பையன். மேசையில் என் சொற்களைப் பார்த்துவிட்டு, "ஒட்டகத்த விட்டுட்டீங்க அங்கிள். கேமல். அதுவும் அந்தப் பக்கத்துச் சொல்தான்" என்றான். "அது உள்ள வந்தா இந்த ஹாலுக்குள்ள நமக்கு இடம் இருக்காதேப்பா" என்றேன். சிரித்தான். ஜெமி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சின்ன வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அன்று பார்த்தது.

கிரேஸ் இருமினாள். எனக்குப் புரிந்தது.

"சொந்த ஊர் எது தம்பி?"

"பூந்தமல்லிதான் அங்கிள்."

"அது இருக்கற ஊரு. பூர்வீகம்?"

"அதுவும் பூந்தமல்லிதான்."

"தாத்தா?"

"தாத்தா அங்க டயர் கடை வெச்சிருந்தார்."

"அதுக்கு முன்னாடி எந்தப் பக்கம், எந்தச் சபை..."

டம்ளரைக் கீழே வைத்தான். சத்தம் வராமல். காது இரண்டும் சிவந்திருந்தன. மழையில் நனைந்த குளிர் என்று நினைத்தேன். "அங்கிள், உங்களுக்கு எது தெரியணுமோ அதை நேரா கேளுங்க. சொல்றேன்."

நேராகக் கேட்க எனக்கு வாய் வருமா? எங்கள் ஆட்களில் யாரும் சாதியைக் கேட்பதில்லை. கேட்டால் பாவம். ஊரைக் கேட்போம். ஊரைச் சொன்னால் தெரு, தெருவைச் சொன்னால் எந்தக் கோயில், அதோடு மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். கேட்டவர் கையில் ஒரு கறையும் இருக்காது.

"சும்மா, ஒரு பேச்சுக்குத்தான் தம்பி" என்றேன்.

மீதிக் காபியைக் குடித்து முடித்தான். "கேசரி நல்லா இருந்துச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனான்.

ஜெமி: "ஏம்பா?" அவ்வளவுதான். கதவு சாத்தவில்லை, கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

கிரேஸ், படுக்கும்போது: "ஊரைச் சொல்லாம மழுப்பறான்னா என்னமோ இருக்குங்க."

ஜூலை 10, வியாழன்

ஜெமி பேசவில்லை. பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி: "ஷிபோலெத். இதையும் சேத்துக்கோங்க." வழக்கமாகப் போடும் சிரிக்கிற பொம்மை இல்லை.

டிபன் நேரத்தில் ஃபோனில் தேடிப் படித்தேன். நியாயாதிபதிகள் காலத்துக் கதை. கிலேயாத்தாருக்கும் எப்பிராயீமாருக்கும் சண்டை. தோற்ற எப்பிராயீமார் யோர்தான் ஆற்றைக் கடந்து ஊருக்கு ஓடப் பார்க்கிறார்கள். துறையில் கிலேயாத்தார் காவல். வருகிறவனைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரியாது. முகம் ஒன்று, உடை ஒன்று, கும்பிடுகிற தேவன் ஒன்று. அதனால் ஒரு வார்த்தை: 'ஷிபோலெத்' சொல்லு. கதிர் என்று அர்த்தம். எப்பிராயீமான் நாக்குக்கு அந்த 'ஷ' வராது. வராதவனை அங்கேயே வெட்டினார்கள். இப்போது ஆங்கிலத்தில், நம்ம ஆளா வேற ஆளா என்று பிரித்துக் காட்டுகிற எதற்கும் அந்தப் பெயர்.

தயிர் சாதத்தைப் பாதியில் மூடி வைத்தேன். கஜா மூடியை எட்டிப் பார்த்தான். "இன்னா மாமே, வூட்ல சண்டையா?" ஆமாம் என்றேன். எந்த ஆற்றங்கரையில் என்று சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெமி வாயைத் திறந்தாள். அம்பத்தூரில் லேடீஸ் ஹாஸ்டலில் இடம் பார்த்துவிட்டாளாம். "சண்டே உங்க பேச்சு கேட்டுட்டுக் கிளம்பறேன். முன்னாடியே போனா உங்களுக்கு அசிங்கம்."

"எல்லாரும் கேக்கறதுதானேடி கேட்டார்?" என்றாள் கிரேஸ்.

"அதான்மா."

ஜூலை 11, வெள்ளி

பவர் கட். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஒட்டகத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

அரை நாள் லீவு போட்டு ஆவடியிலிருந்து பூந்தமல்லி பஸ். மெட்ரோ வேலையில் ரோடே தெரியவில்லை. ஜோயல் அப்பா மோசஸ், ட்ரங்க் ரோட்டை ஒட்டி டிங்கரிங் பட்டறை என்று ஜெமி ஞாயிறன்றே சொல்லியிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் வரவில்லை.

ஜோயல் இல்லை. மோசஸ், கையில் சுத்தியல், முன்னால் நசுங்கிய ஆட்டோக் கதவு.

"வாங்க சார், வாங்க! பையன் சொல்லிகினே இருந்தான். உங்க ஊட்ல சூப்பரா கவனிச்சீங்களாம். கேசரியப் பத்தியே பேசிகினு இருந்தான்."

அந்தப் பையன் வேறு எதையும் சொல்லவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். டீ வந்தது. வாயெடுக்கப் போனேன். அதற்குள் அவர் சுத்தியலைக் கீழே வைத்து, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பசங்கோ இதெல்லாம் கேக்க மாட்டாங்கோ சார். நம்மதான் கேட்டுக்கணும். உங்களுக்கு சொந்த ஊரு எது?"

என் காது சூடாவது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் புரிந்தது, புதன்கிழமை அது குளிர் இல்லை.

"சேக்காடு" என்றேன்.

"அது இப்ப கீற ஊரு. அதுக்கு மின்னாடி?"

"ஆவடி."

"அதுக்கும் மின்னாடி?"

"அண்ணனூர்."

"அதுக்கும்?"

"திருமுல்லைவாயல். அப்புறம் அம்பத்தூர். அப்படியே சென்ட்ரல் வரைக்கும் போலாங்க."

முறைத்தார்.   பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "இன்னா சார் நீ! ரயிலு வுட்டுகினு கீற!"

"நானும் உங்க பையனைக் கேட்டேங்க. புதன்கிழமை. கேட்டிருக்கக் கூடாது."

சிரிப்பு மெல்ல நின்றது. சுத்தியலை எடுத்துக் கதவில் இரண்டு தட்டு. "சொல்லவே இல்ல பாரு, நாய்." இன்னும் ஒரு தட்டு. "சரி வுடு. நானும்தான் கேட்டுட்டேன். நாளைக்கு உன் பேச்சு கேக்க ரெண்டு பேரும் வரோம்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அதையும் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன். சகுனம் பார்ப்பதும் பாவம்.

ஜெமியிடம் எல்லாம் சொன்னேன். ரயில் ஸ்டேஷன் இடத்தில் சிரித்துவிட்டாள். நாலு நாளில் முதல் தடவை. அப்புறம் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு அவனை எல்லாரும் பாப்பாங்கப்பா. யாருன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"உள்ளதச் சொல்றேன்."

"உள்ளது எதுப்பா?"

"போய்த் தூங்கும்மா, காலைல எழுந்திரிக்கணும்."

கட்டில் மேல் அவள் பை. மூடவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

புழுக்கம். வெள்ளைச் சட்டை, கிரேஸ் கஞ்சி போட்டது. கழுத்தை அறுத்தது.

மேலே ஏறினேன். மைக்கைத் தட்டினேன், அது அலறியது, குழந்தைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்தது. ஜூபிலி டிபன் பாக்ஸுக்குச் சிரிப்பு. மன்னாவுக்கு ஆயரே குலுங்கினார். ஒட்டகத்தைச் சொல்லும்போது பின்வரிசையைப் பார்த்தேன். ஜோயல், பக்கத்தில் மோசஸ், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில்.

கடைசியாக ஷிபோலெத். துறை, காவல், ஒரே தேவனைக் கும்பிடுகிற இரண்டு கூட்டம்.  எழுதி வைக்காத ஒன்று வாயில் வந்தது: "அந்தத் துறையில நின்னு கேட்டவங்களும் காலையில ஜெபம் பண்ணிட்டுத்தான் வந்திருப்பாங்க." பெண்கள் பக்கத்தில் ஜெமி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கிரேஸ் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். இறங்கிவிட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் காபி. ஆள் ஆளுக்குக் கை கொடுத்தார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறித்தான் போயிருந்தது. மூன்றடி தள்ளி ஜெமி, ஜோயல், மோசஸ். ஜெமியின் பை கேட் ஓரம், வாட்ச்மேன் நாற்காலியில்.

எட்வின் வந்தார். "அந்த ஷிபோலெத் சார்! கண்ணுல தண்ணி வந்துடுச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும் செய்தார். மாட்டிக்கொண்டு, தாடையால் அந்தப் பக்கம் காட்டினார். "ஜெமி பக்கத்துல நிக்கறாரே, யாரு சார் தம்பி? எந்த ஊரு?"

ஜெமி திரும்பவில்லை. கப்பை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். மோசஸ் தரையைப் பார்த்தார். கூட இன்னும் இரண்டு பெரியவர்கள் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள்.

"பூந்தமல்லி" என்றேன். "ஜெமி ஆபீஸ்ல வேலை பாக்கறாரு."

"ஓ, ஆபீஸா" என்றார் எட்வின்.

ஜெமி கப்பைத் திண்டில் வைத்தாள். "வரேம்மா" என்று கிரேஸிடம் மட்டும் சொன்னாள். ஜோயல் ஏதோ மெதுவாகச் சொன்னான், தலையாட்டினாள், பையை அவளே தூக்கிக்கொண்டாள். ஆட்டோ.

கிரேஸ் இன்னும் சேலை மாற்றவில்லை. சோறு ஆறிவிட்டது.

எட்வின் கேட்டபோது நாக்கு நுனி வரை வந்து, வெளியே வராமல் நின்றது இதுதான்: எங்க வீட்டு மாப்பிள்ளை.