கதவோரத்து நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் வயிறு எப்படி இருக்கிறது? "நல்லா இருக்கு" என்று எழுதினால் நம்பமாட்டேன்.

உங்களைப் போன்ற முன்னாள் ராணுவத்தினருக்குக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் அறையில்தான் இப்போது என் வேலை. போர்முனையில் பிடித்த வயிற்றுப்போக்கு முப்பது வருடமாக விடாத ஒரு பெரியவர், நேற்று தன் குடலைத் திரையில் பார்த்தார். புண்களுக்கு நடுவிலும் அது இளஞ்சிவப்பாக, அலை அலையாக அசைந்துகொண்டே இருந்தது.

"இவ்வளவு அடி வாங்கியும் ஒருநாள் லீவு போடல பாரும்மா," என்றார் அவர்.

வருகிறவர்கள் எல்லோரும் கழிவறை எங்கே என்று பார்த்துவிட்டுக் கதவோரமாகவே உட்காருகிறார்கள். என் கல்யாணத்தில் நீங்களும் மேடைக்கு வராமல் கதவோரமே நின்றீர்கள். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஆறு வருடம் மனதில் வைத்திருந்தேன், அப்பா.

அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள். நான் வரும்போது, கதவோரம் உங்கள் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.

உங்கள் மகள்