டோஸி வீட்டு ஜார்ஜ்

அன்பு மகள் மோரக்கிற்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதை எழுதாதே என்றாள், எழுதிவிட்டேன். ஹாலிஃபாக்ஸில் பனி அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள், வேளைக்குச் சாப்பிடுகிறாயா.

என் தாத்தாவின் தாத்தா ஜார்ஜ் மேரைத் தேடுகிறேன் என்று சொன்னேன் அல்லவா. கைக்குழந்தையையும் மனைவி எல்ஸ்பெத்தையும் விட்டுவிட்டுக் கனடாவுக்குக் கப்பலேறி, திரும்பியே வராத மனுஷன். நம் துறைமுகத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு ஜார்ஜ் மேர் மேல்தான் விழும். போன மாதம், சத்தமில்லாமல் ஊர் திரும்பிச் செத்திருப்பான் என்று நம்பி, யாரோ ஒரு ஜார்ஜின் கல்லறைக்குப் பூ வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அது ஸ்க்வீக் வீட்டு ஜார்ஜாம். உன் அம்மா இன்னும் சிரிக்கிறாள். நம் வீட்டுப் பட்டப்பெயர் டோஸியைச் சொல்லித் தேடிய பிறகுதான் ஆள் அகப்பட்டான். உன் ஊருக்குப் பக்கத்தில் வெர்னா என்று ஓர் அம்மாள், அவர்கள் குடும்பத்து வீட்டில்தான் கடைசிவரை குடியிருந்திருக்கிறான், வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஃபோனில் அந்த அம்மாள் சொன்னாள்: "எங்கம்மா சின்னப் பிள்ளையா இருக்கறப்ப டோஸி தாத்தா அடிக்கடி சொல்லுவாராம், 'சண்டை போட்டுட்டுதான் கெளம்புனேன். அவ ஒரு தடவ கூப்பிட்டிருந்தா எறங்கியிருப்பேன்'னு."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. கடலுக்குக் கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் கப்பல் கரை சேராது என்று நம் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். இவனுக்குத் தெரியாதா? தெரிந்தும் எதிர்பார்த்திருக்கிறான், மடையன். கத்திவிடுவோமோ என்று பயந்து, எல்ஸ்பெத் சால்வை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அவன் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒருவர் மனசு ஒருவருக்குத் தெரியாமலே இரண்டு பேரும் கிழமாகிச் செத்தார்கள்.

ஃபோனை வைத்ததும் அபர்தீன் விமான நிலையம்தான் ஞாபகம் வந்தது. நீ இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாய், நான் கம்பம் மாதிரி நின்றேன். "அப்பாவுக்கு நான் போறது ஒண்ணுமே இல்லபோல" என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம், அவள் நேற்றுதான் சொன்னாள். நீ போனதிலிருந்து உன் அறைக் கதவை நான் சாத்தவிடுவதில்லை மகளே. காற்று வரட்டும் என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும். அம்மா பின்னி அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், பெட்டியில் வைத்துப் பூட்டாதே. வெர்னாவைப் பார்த்தால் டோஸி கல்லறைக்கு வழி கேட்டு, எல்ஸ்பெத் ஏன் கூப்பிடவில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டு வா.

நீ அங்கே கரை சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, இனிக் கூப்பிட்டால் எதுவும் கவிழாது. அதனால் கூப்பிடுகிறேன். மோரக், வீட்டுக்கு வா.

உன் அப்பா,
டோஸி வீட்டு சாண்டி மேர்