இருபத்து நாலு மணி டாக்டரம்மா

இன்று காலை ஓ.பி. தொடங்கும்போதே உன் தாள் சுவரிலிருந்து கழன்று என் மேசைமேல் விழுந்தது. பாம்புக்கடிக்கு அரசாங்கம் கொடுத்த வழிகாட்டு நெறிகளை உன் குண்டுக் குண்டு எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டினாயே, அதேதான். உப்புக் காற்றில் டேப் எப்போதோ பிடிப்பு விட்டிருந்தது. "தூக்கிப் போட்டுடவா மேடம்?" என்று நர்ஸ் கேட்டார். "கைய வெச்சீங்கன்னா பாருங்க!" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தத் தாளை எனக்குப் பிடிக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிடிக்காதுதான். உன்னையும் எனக்கு முழுசாகப் பிடித்ததில்லை. போய்ச் சேர்ந்தவளிடம் பொய் எதற்கு? ஒரே கல்லூரியில் படித்து, கடலோடு கலக்கும் இந்த உப்பு ஏரிக்கரை சுகாதார நிலையத்தில் ஒரே அறையில் எதிரெதிரே ஆறு வருஷம் உட்கார்ந்தோம். நான் கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி போட்டேன். சளிக்குக்கூட ஆன்டிபயாடிக் எழுதினேன். எல்லாம் நல்ல பெயர் வாங்கத்தான். நீயோ, "இது தானா சரியாகிற காய்ச்சல், ஊசி வேணாம்" என்று கால் மணி நேரம் பேசி, கஞ்சி குடிக்கச் சொல்லி அனுப்புவாய். அப்படியும் வரிசை உன் பக்கம்தான் நீளும். என் முன்னால் காலி ஸ்டூல். வயிறு எரியாதா?

ஒரு நாள் காலை ஒரு மீனவர் வந்தார். வலையை உதறும்போது கடல்பாம்பு கையில் கடித்திருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. சின்னதாக இரண்டு புள்ளி, அவ்வளவுதான்.

"ஒண்ணியும் இல்லம்மா, ஒரு ஊசி போட்டு உடு. நாளிக்கி எம் பாடு" என்றார் சிரித்துக்கொண்டே.

வந்த புதிதில் பாடு என்றால் நம் இருவருக்குமே தெரியாது. ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை வைப்பது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். தன் நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் அனுப்பியிருப்பேன். நீ தாளைக் காட்டினாய். கடல்பாம்பு விஷம் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும், இருபத்து நாலு மணி நேரம் இங்கேயே இருக்கணும் என்றாய். மணிக்கொரு தடவை, வாட்சைப் பார்த்தபடி, இரண்டு நிமிஷம் அவரை மேலே பார்க்க வைத்தாய், இமை தொங்குகிறதா என்று.

அவர் மனைவி வாசலில் நின்று கத்தினார். "நல்லா கீற ஆள இன்னாத்துக்குப் புடிச்சி வெச்சிகினு கீற? பாடு போச்சின்னா நீ வந்து வல போடுவியா?"

அந்த மீனவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அன்று நான் வேண்டிக்கொண்டேன். அவருக்காக இல்லை. நீ அசடு வழிய வேண்டும் என்று.

சாமி என் பேச்சைக் கேட்டது. மறுநாள் அவர் கல்லுக் குண்டாட்டம் எழுந்து போனார். பாடு போனது போனதுதான். இனி உன் பக்கம் ஒருவரும் வர மாட்டார்கள் என்று சந்தோஷமாகக் காத்திருந்தேன். நீயோ அன்று சாயங்காலமே அவர்கள் ஊர்க்கூட்டத்தில் போய் நின்று, "என்னாலதான் அவர் பாடு போச்சு, வேற நாள் கொடுங்க" என்று கேட்டிருக்கிறாய். கொடுத்தும்விட்டார்கள்! அடுத்த வாரம் அதே அம்மா தூக்கு நிறைய நண்டுக் குழம்போடு வந்தார். உனக்கு. நீ எனக்கும் பங்கு வைத்தாய். அது ருசியாக வேறு இருந்து தொலைத்தது. அன்றிலிருந்து உனக்கு 'இருபத்து நாலு மணி டாக்டரம்மா' என்று பெயர்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ தங்கை கல்யாணத்துக்கு லீவில் போயிருந்தபோது இன்னொருவர் வந்தார். அதே கடல்பாம்பு, அதே இரண்டு புள்ளி. டி.டி. ஊசி போட்டு, "ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் நகரவில்லை. "அந்தம்மா ஒரு நாளு இருக்கச் சொல்லும்ல? இருந்துட்டே போறேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. மத்தியானம் அவர் இமை தொங்கியது. பேச்சு குழறியது. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். சென்னையில் மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா எம் புள்ளய மீட்டுக் குடுத்த" என்று அழுதார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். லீவு முடிந்து வந்த நீ, "சூப்பர்டி! கரெக்டா உட்கார வெச்சியே!" என்று கட்டிக்கொண்டாய். அதையும் வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். போன ஆடியில் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தபோதே உன் நெஞ்சு நின்றுபோனது.

தாளை எடுத்துப் புது டேப் போட்டு ஒட்டி முடிப்பதற்குள் இன்று ஒருவர் வந்தார். கடல்பாம்புக் கடிதான். உட்கார வைத்து, வாட்சைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் மேலயே பாருங்க" என்றேன். கண்ணை இறக்காமலே அவர் கேட்டார்.

"நீதான அந்த இருபத்தி நாலு மணி டாக்டரம்மா?"

இல்லை, அவள் போய்விட்டாள் என்று சொல்ல வாய்வரை வந்தது.

"ஆமா, நான்தான். பேசாம மேல பாருங்க" என்றேன்.

எடுத்துக்கொண்டேன் உன் பெயரை. திருப்பித் தர மாட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்கோ.