நாற்பத்தொன்று என்ற முதல் மதிப்பெண்ணைத் திருத்தக் கோரி

அனுப்புநர்:
பேருந்து நிலைய ஒலிபெருக்கி அறிவிப்பாளர்
(பேச்சுப் பயிற்சி பெற்றுவரும் மின்பணியாளரின் மனைவி)

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
மறுவாழ்வு மருத்துவமனை.

பொருள்: என் கணவரின் முதல் மதிப்பீட்டில் நடந்த தவறு – எதிர்மனுதாரர் நானே – பயிற்சியை நிறுத்தாதிருக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கவாதத்தில் பேச்சை இழந்த என் கணவர், தங்கள் மருத்துவமனையில் நான்கு மாதமாகப் பயிற்சி பெறுகிறார். தொடக்கத்தில் அவர் எடுத்தது நூற்றுக்கு நாற்பத்தொன்று. சென்ற வாரம் நாற்பத்துநான்கு. குறைந்தது ஐந்து மதிப்பெண் கூடினால்தான் உண்மையான முன்னேற்றம், அதற்குக் குறைந்த ஏற்றம் அன்றைய தூக்கத்தாலும் பதற்றத்தாலும்கூட வரலாம் என்பது விதி. எனவே வரும் திங்கள் முதல் பயிற்சி கிடையாது என்று கடிதம் வந்துள்ளது.

2. விதியில் நான் குறை காணவில்லை. பயிற்சியாளர் அம்மா பொறுமையாக விளக்கினார், தங்கமானவர். குறை அந்த நாற்பத்தொன்றில்தான்.

3. முதல் மதிப்பீட்டன்று நான் பயிற்சியாளரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவர் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். இருபத்தாறு வருடம் என்னோடு அரட்டை அடித்த மனிதர், குடையின் படத்தைப் பார்த்துத் திருதிருவென விழித்தார். சத்தமில்லாமல் வாயசைத்தேன். தெளிவாக உச்சரிப்பதுதானே என் தொழில்! என் உதட்டைப் பார்த்து அவர் "குடை" என்றார். அப்புறம் கத்தரிக்கோல், ஏணி, சீப்பு, பூட்டு, வாளி. ஆறு படம், படத்துக்கு இரண்டு மதிப்பெண். அவர் தோற்றுப்போய்விடக் கூடாதே என்ற தவிப்புதான் ஐயா, சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. உண்மையில் அவர் எடுத்தது இருபத்தொன்பது.

4. சென்ற வாரம் மதிப்பீட்டு அறை வாசலில் அவரே என் கையை விலக்கி, "நீ வெளிய உக்காரு" என்றார். மூன்று சொல், ஒரே மூச்சில். அதற்குத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. வெளியே உட்கார்ந்து அழுதேன். கோபமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை. அந்த நாற்பத்துநான்கும் முழுக்க அவருடையது.

5. ஆகவே முதல் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுகிறேன். திருத்த வழியில்லையெனில் இன்னும் மூன்று மாதம் அவகாசம் தந்து மறுபடி அளந்து பாருங்கள். கண்டிப்பதென்றால் என்னைக் கண்டியுங்கள். பயிற்சியாளர் அம்மாவை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். அவருக்கு முதுகில் கண் இல்லை.

6. அனுப்புமுன் இம்மனுவை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் செய்தது தப்புதானே என்று கேட்டேன். வெகுநேரம் சொல்லைத் தேடினார். இம்முறை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன். "பாவம், நீ பயந்துட்ட" என்றார்.

திங்கட்கிழமை வழக்கம்போல் காலை பத்து மணிக்கு அவரை அழைத்து வருகிறேன். திருப்பி அனுப்பிவிடாதீர்கள், ஐயா.

நாள்: பதினான்காம் தேதி, வியாழன்
இடம்: எங்கள் இல்லம்

இங்ஙனம்,
தவறை ஒப்புக்கொள்ளும்
மனைவி (கையொப்பம்)