கறுப்புத் திரையில் கறுப்புக் கோடு

உன் மகள் எனக்குப் புதுக் கைபேசி வாங்கித் தந்திருக்கிறாள். பெட்டியைப் பிரித்ததிலிருந்து அது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது. எந்த மொழி, எந்த ஊர், எழுத்து எவ்வளவு பெரிசு. "எல்லாத்துக்கும் சரின்னு அழுத்துங்க பாட்டி" என்கிறாள். எரிச்சலில் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்போதிலிருந்து உன் ஞாபகம்தான்.

மந்தைவெளியில் நம் தெருவிலேயே நம் வீட்டில் மட்டும்தான் அன்றைக்குக் கம்ப்யூட்டர். அதில் கோடும் வட்டமும் வரைகிற கட்டளைகளை எழுதிக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் அவற்றை எடுத்துப் போட்டுக்கொள்வார்களாம். மூணாவதோடு நின்றவள் நான். எதைத் தட்டணும் என்று காட்டி, என்னைத் தட்டச் சொன்னாய். தட்டினேன். ஒன்றும் வரவில்லை. கெடுத்துவிட்டேனோ என்று கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"வந்திருக்கு அத்தை. கறுப்புத் திரையில கறுப்புக் கோடு. நிறம் சொல்லலைன்னா என்ன பண்ணணும்னு நான் யோசிக்கவே இல்ல பாருங்க."

உன்கூட வேலை செய்தவன், ஞாயிற்றுக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து ஸ்கூட்டரில் வருவானே, அவன் சொன்னான்: "வாங்கறவன் இன்ஜினியர்ம்மா. எல்லாம் அவனே சொல்லிப்பான். உன் மாமியாரா வாங்கப் போறாங்க?" அந்தப் பேச்சுக்காகவே அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

நீ விடவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் வெள்ளைத் திரை, கறுப்புக் கோடு. நிறமோ தடிமனோ வேறு வேண்டுமென்றால், மாற்ற ஒரு வழி. அப்படித்தான் எழுதினாய்.

அதை முடிக்கிற சாயங்காலம், அவனும் உன் பக்கத்தில் இருந்தபோது, நான் விளக்கேற்ற வந்தேன். விளக்கு வைத்தால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். மறுநாள் நீ வேலையைக் கொடுத்தாக வேண்டும். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாய்: "இதுல மாத்தறதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன் அத்தை. இந்த வீட்ல அது எங்க இருக்கு?"

அவன் சிரித்தான். நான் விளக்கை ஏற்றினேன். நீ அணைத்துவிட்டாய்.

அவன் எதிரில் கேட்டிருக்க வேண்டாம் நீ. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. தனியாகக் கேட்டிருந்தால் சரியென்று சொல்லியிருப்பேனா? அதுவும் பிடிபடவில்லை. அதற்கப்புறம் நீ எதையுமே கேட்கவில்லை. காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவும் இல்லை.

போன மாதம் உன் மகனுக்குக் கல்யாணம். வந்தவளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "இதெல்லாம் இந்த வீட்டு வழக்கம். ஒத்துவரலைன்னா எங்கிட்ட கேளும்மா, மாத்திக்கலாம்."

தலையை ஆட்டினாள். இதுவரை ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அவள் அறை வாசல்வரை போய் நின்றேன். கூப்பிடாமல் திரும்பி வந்தேன்.