பழைய இடமே போதும்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். கேட்டால் சொல்லப்போவதில்லை.

கையால் எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். வீட்டில் இருப்பது ஒரே கணினி. அதில் எதைத் தட்டினாலும் நீ செய்த மென்பொருள் தெருவுக்கே கேட்கும்படி வாசித்துவிடுகிறது. காகிதம் வாயைத் திறக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே. மாடிக்குப் போவதில்லை. எனக்கு வேலை போய்க்கொண்டிருக்கிறது, அல்லது நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

விஷயம் உன் மென்பொருளின் மடற்குழு.

சர்வரை மாதக் கடைசியில் நிறுத்துகிறேன், குழுவை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோங்கள், என்னை விடுங்கள் என்று எழுதினாய். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் ஒருங்கிணைப்பாளர். யார் ஆக்கினார்கள் என்று தெரியவில்லை. நிர்வாகியோட தம்பிதானே என்றார்கள். அது ஒரு தகுதியாம்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா என்னவென்று கேட்டாள். விளக்கினேன். ஒருவர் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் அதில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். சேர்க்கிற வேலைக்கு எங்காவது ஓர் இயந்திரம் ஓட வேண்டும். அதற்கு இடம் தேடுகிறோம். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாம வாடகைக்கு வீடு தேடினப்பகூட இத்தனை பேர் மூக்கை நுழைக்கலையே என்றாள்.

குழுவில் நாம் கொள்கை என்று பட்டப்பெயர் வைத்தவரை உனக்குத் தெரியும். யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஒரு பெரிய நிறுவனம் இலவசமாகத் தரும் இடத்தை நான் சொல்லிவிட்டேன். ஓசியில இடம் கொடுக்கிறவன் நம்ம கடுதாசியைப் பிரிச்சுப் படிக்காம விடுவானா என்று மூன்று பக்கம் எழுதினார். சரி ஐயா, நாமே ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்போம், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முதுகு வலியாம். சர்வரைத் தலையில் வைத்துச் சுமக்கவா சொன்னேன்?

எது புதிதாக வந்தாலும் பிடித்துக்கொள்கிற நம் புதுசு வழக்கம்போல ஓர் அரட்டைச் செயலியோடு வந்தார். மின்னஞ்சல் செத்து எத்தனையோ காலம் ஆச்சு தம்பி என்றார். அதை மின்னஞ்சலில்தான் சொன்னார்.

குழுவின் மொழிபெயர்ப்பாளருக்கு இணைய மன்றம் வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில், தலைப்புவாரியாக, பார்க்க அழகாக. பார்க்க.

மூன்று இடத்திலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் வாக்கெடுப்பு என்று யோசனை சொன்னது நான்தான். என் புத்தி. வாக்கெடுப்பை அந்தந்த இடத்திலேயே வைத்தார்கள். அரட்டையில் ஒருமனதாக அரட்டை. மன்றத்தில் ஒருமனதாக மன்றம். கொள்கை கடைசியில் ரோஷம் வந்து தன் வீட்டுப் பழைய மடிக்கணினியில் ஒரு குழுவை நிறுவியிருந்தார். அவர் மனைவி இஸ்திரிப் பெட்டிக்காக பிளக்கைப் பிடுங்கினால் அது நின்றுவிடும். அங்கே ஒரே ஓட்டு. அதுவும் ஒருமனதுதான்.

தலையை எண்ணினால் மன்றத்தில்தான் கூட்டம். முடிந்தது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அடுத்த நாள் காலை அப்பா மன்றத்தில் சேரப் போனார். தானே செய்வேன் என்று காதில் ஹெட்போன்கூட மாட்டாமல் உட்கார்ந்தார். பெயரைத் தட்டினார். கடவுச்சொல்லைத் தட்டினார். நீங்கள் மனிதர்தானா என்று உறுதிசெய்ய வேண்டும் என்றது. பிறகு உன் மென்பொருள் தெளிவான குரலில் வாசித்தது:

பேருந்து உள்ள படங்களை எல்லாம் தேர்ந்தெடுக்கவும்.

அக்கா, பேருந்து.

அவர் கை விசைப்பலகைமேல் அப்படியே இருந்தது. அது மறுபடி வாசித்தது. மறுபடி. நான் எழுந்து போய் நிறுத்தினேன். அவர் சிரித்தார். கண்ணு தெரியாதவனுக்குன்னு செஞ்ச வண்டி, ஏறணும்னா படத்தைப் பார்த்துட்டு ஏறணுமா, நல்லா இருக்குடா உங்க ரூட்டு என்றார்.

குழுவில் கேட்டேன். பார்வையற்றவர்களுக்காக உழைக்கிற இத்தனை பேரில் ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. நான் உட்பட. மொழிபெயர்ப்பாளர் பாவம், ஐந்து முறை மன்னிப்புக் கேட்டார். படத்துக்குப் பதில் ஒலி வைத்திருக்கிறார்களே என்றார். போட்டுப் பார்த்தேன். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ இருமுகிற மாதிரி எண்கள். கொள்கை, நான் அப்பவே சொன்னேனே என்றார். எப்பவும் சொல்லவில்லை.

உனக்கும் அவருக்கும் நடுவில் நான் வரப்போவதில்லை. டிப்போவுக்குப் போய், பஸ் ஓட்டுகிற அவருக்குக் கண் தெரியவில்லை என்று நீ சொன்னது சரி. ஆள் ஏறுகிற வண்டி. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் உன்னோடு பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் குழுவுக்கு எழுதுகிறார். "மதிப்பிற்குரிய நிர்வாகிக்கு, உங்கள் மென்பொருள் காற்புள்ளியில் பிரேக் பிடிக்காமல் போகிறது." நீ எழுதுகிறாய்: "ஐயா, சுட்டியமைக்கு நன்றி. அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும்." பெற்ற மகள் அப்பாவுக்கு எழுதுகிற லட்சணம். அதை அவர் திரும்பத் திரும்ப வாசிக்கவைத்துக் கேட்கிறார். சமையலறையில் அம்மா குழாயை மூடிவிட்டு நிற்கிறாள். இந்த வீட்டுக்கு உன்னிடமிருந்து வருவது அது ஒன்றுதான்.

காற்புள்ளி மடலுக்குப் பிறகு அவர் இன்னொன்று எழுதியிருக்கிறார். வாக்கெடுப்புத் தலைப்பில் போட்டதால் நீ பார்த்திருக்கமாட்டாய். அந்தத் தலைப்பில் வருவதை எல்லாம் குப்பைக்குத் தள்ளியிருப்பாய். உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால் அப்படியே படியெடுக்கிறேன்:

"மதிப்பிற்குரிய நிர்வாகிக்கு, என் ஓட்டு பழைய இடத்துக்கு. பழைய இடமே போதும். மடல்கள் அதிகமாகி உங்களுக்குச் சிரமம் என்றால் நான் எழுதுவதைக் குறைத்துக்கொள்கிறேன். காற்புள்ளியும் அப்படியே இருக்கட்டும். பழகிக்கொள்வேன்."

அனுப்பிவிட்டு, போச்சா என்று என்னைக் கேட்டார். போச்சு என்றேன். பதில் வராததால் அன்றிலிருந்து கணினிதான் கெட்டுவிட்டது என்கிறார். தினமும் ஒயரைக் கழற்றி மாட்டுகிறார்.

எனக்கு அலுத்துவிட்டது, அக்கா. கொள்கையோடும் புதுசோடும் இனி என்னால் மல்லுக்கட்ட முடியாது. பூனைக்கு எந்த மணி கட்டலாம் என்று ஆளுக்கொரு கருத்து, பூனையைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. நானே பிடிக்கிறேன். ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுக்கிறேன். மடல் மடலாகவே வந்து சேரும், வாசலில் படம் இருக்காது. நடு ராத்திரியில் நின்றாலும் நான் எழுந்து பார்க்கிறேன். எப்படி என்று தெரியாது. கற்றுக்கொள்கிறேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். நிர்வாகி என்ற இடத்தில் உன் மின்னஞ்சல் முகவரி மட்டும் இருக்கட்டும்.

உன்னை வரச் சொல்லவில்லை. தொலைபேசியில் கூப்பிடவும் சொல்லவில்லை. "ஐயா" என்றே எழுது, பரவாயில்லை.

அந்தக் காற்புள்ளியை மட்டும் அப்படியே விட்டுவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா ஆசி சொல்லச் சொன்னாள். அப்பா ஒயரை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

உன் தம்பி