மாப்பிள்ளை வேட்டியில் கறை

வைகாசி 5, திங்கள்

காலையிலேயே வெயில் முதுகை உரிக்கிறது. சாயத் தொட்டி இரண்டும் காலி. பட்டு நூல் வந்தபாடில்லை. சும்மா உட்கார்ந்தால் என் வீட்டுக்காரி இவள் வேலை சொல்வாள்.

அதற்குள் மகள் தனத்திடமிருந்து ஆள். ‘நைனா மட்டும் வரணும், அம்மா வேணாம்.’ சின்னக் காஞ்சிபுரத்துக்கு நடந்தே போனேன். பெண் மெலிந்திருக்கிறாள். ஆறாம் மாதம். வயிறும் கண்ணும்தான் தெரிகிறது.

சம்பந்தியம்மா மோர் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் தனம் என்னைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள்.

“அவரு சரியில்ல நைனா.”

“இன்னாம்மா சரியில்ல?”

“சங்கம், தொண்டுன்னு சித்திர கடைசிலேர்ந்து போய்க்கினு இருக்காரு. தறி பாதியில நிக்குது. வரும்போதே எங்கியோ குளிச்சிட்டு ஈரத் தலையோட வராரு. வாசல்லியே படுக்கிறாரு. சோத்த இலையில போட்டு வெச்சிட்டுத் தள்ளி நில்லுன்றாரு. கிட்ட போனா எட்டிப் போறாரு. என் பழைய சேல ரெண்டு காணோம். கேட்டா ‘ஒருத்தருக்குக் குடுத்தேன்’னாரு. யாருக்குன்னு கேட்டா கோவம்.”

குளித்துவிட்டு வீடு வருகிற ஆண்பிள்ளை! கல்யாணமான நாள் முதல் நான் வீட்டுக்காரியிடம் வாங்குகிற திட்டெல்லாம் குளிக்காததற்குத்தான். எனக்கே பகீரென்றது.

அப்புறம் மாப்பிள்ளையின் வேட்டி ஒன்றைக் கையில் திணித்தாள். முழங்கால் பக்கம் கறை. “உனக்குத்தான் சாயமெல்லாம் தெரியுமே. இது எங்கேர்ந்து வந்த கறைன்னு சொல்லு.”

கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் கண்டவரெல்லாம் என் கக்கத்தையே பார்த்த மாதிரி இருந்தது.

வைகாசி 6, செவ்வாய்

கறை பரீட்சை. பார்வைக்குப் பாக்குக் கறைப் பழுப்பு. ஓரத்தில் மட்டும் லேசாய் ரோஸ்.

சீயக்காய்: போகவில்லை.
சுண்ணாம்புத் தண்ணீர்: அசையவில்லை. குங்குமமாயிருந்தால் இன்னும் சிவந்திருக்கும்.
எலுமிச்சம்பழம்: தேய்த்த இடமெல்லாம் மாயம்! வேட்டி வெள்ளை வெளேர்.

வெற்றிலைக் கறை இப்படிப் போகாது. மருதாணி செத்தாலும் போகாது. என் தொட்டியில் பிறந்த எந்தச் சாயமும் எலுமிச்சைக்குப் பயந்து ஓடியதில்லை. ஆகவே இது துணிச் சாயமே இல்லை. தோலுக்குப் பூசுவது. முகப்பூச்சு!

ரயிலடிப் பக்கம் நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருக்கிறது. வேஷம் கலைக்க எலுமிச்சம்பழம் தேய்ப்பார்கள் என்று எவரோ சொல்லக் கேள்வி. சொன்னது யார் என்று நினைவில்லை. நானாகவே இருக்கலாம்.

சாயங்காலம் போய்த் தனத்திடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “நாடகக்காரியா? சரி” என்றாள். அந்த ‘சரி’ எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையை நேரில் கேட்டுவிடலாமே? எந்த மாமனார் கேட்டிருக்கிறான்? அவர் வந்தால் எழுந்து நிற்கவேண்டும், போனால் வண்டி வரை போகவேண்டும். நடுவில் கேள்வி கேட்க இடம் ஏது.

ஒரே வழி. நானும் சங்கத்தில் சேருவது.

வைகாசி 7, புதன்

பெருமாள் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். சங்கத்தில் சேர்ந்தாயிற்று. காரியதரிசி ராகவாச்சாரி, பள்ளிக்கூட வாத்தியார். படிக்கிற காலத்தில் மூன்றாம் பாரம் தேறாமல் இரண்டு தரம் உட்கார்ந்தவனுக்கு வாத்தியாரைக் கண்டால் இன்னும் உள்ளங்கை கூசுகிறது.

“உமக்கு என்ன தெரியும்?”

“சாயம் போடத் தெரியும் சாமி.”

“தொண்டுக்குச் சாயம் எதுக்குங்காணும்?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “தொண்டர்களுக்குத் தோள்பட்டைத் துணி இருக்கு. மஞ்சளாப் போட்டுத் தருவீரா, நாளைக்கே?” என்றார். ஒத்துக்கொண்டேன். கூலி கேட்க வாய் வரவில்லை. உளவுக்கு ஆகிற செலவு.

என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை முகம் பாவு நூல் அறுந்த தறி மாதிரி ஆயிற்று.

“மாமா, இந்த வெயில்ல நீங்க ஏன்?”

“கொஞ்சம் புண்ணியம் சேர்க்கலாம்னு மாப்பிள்ளை.”

“வீட்டுக்குப் போங்க மாமா.”

பார்! விரட்டுகிறார்.

தண்ணீர்ப்பந்தல், மோர், கயிறு பிடிக்கிறது, காணாமற்போன குழந்தைகள் என்று ஆட்களைப் பிரித்த பிறகு காரியதரிசி குரலைத் தாழ்த்தி, “மேலண்டைப் பந்தலுக்கு” என்றார். எல்லோரும் அவரவர் கால் கட்டைவிரலைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் ஒரு வாத்தியார் வீட்டுப் பையனும் மட்டும் எழுந்தார்கள்.

பக்கத்தில் முசரவாக்கத்து துரைசாமி நாயக்கர். என்னோடு பானை தூக்கப் போட்டிருக்கிறார்கள். கேட்டேன்.

“மேலண்டப் பந்தல்னா இன்னா நாயக்கரே?”

“உனக்கு எதுக்குபா அது? பானையப் புடி.”

தர்ம சங்கம் என்று பெயர். உள்ளே என்னவோ நடக்கிறது. சீட்டாட்டமோ?

வைகாசி 8, வியாழன்

தண்ணீர்ப்பந்தலில் முதல் நாள். இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அவசரத்தில் போட்ட மஞ்சள், பாதி காயாத துணி. வெயில் ஏறி வியர்வை பட்டதும் சாயம் இறங்கிவிட்டது. மதியத்துக்குள் தொண்டர்கள் அத்தனை பேருக்கும் கழுத்து மஞ்சள். கூரத்திலிருந்து வந்த ஒரு பொம்பளை தண்ணீர் வாங்கிக்கொண்டே, “அய்யோ பாவம், சங்கத்துக்கே காமால” என்றாள். காரியதரிசி என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாம் பாரம் மூன்றாந்தரம்.

காதில் விழுந்தவை:
“பெருமாள் கருடன் மேல வரச்சே கண்ண மூடக்கூடாதாம்.” “தூசி விழுந்தா?” “அதுவும் புண்ணியம்தான்.”
“மேலண்டைக்கு ராத்திரி இன்னும் ரெண்டு வந்துதாம்.” நான் திரும்பியதும் பேச்சு நின்றது.

ரெண்டு! என்ன ரெண்டு? ஆளா, புட்டியா?

சாயங்காலம் இன்னொன்று. பானகத்துக்கென்று வாங்கிய எலுமிச்சம்பழத்தில் பாதி மூட்டையை மாப்பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு மேற்கே போனார். எலுமிச்சம்பழம்! எனக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும். கம்பெனி முழுக்கவே வேஷம் கலைக்கும்.

நாளைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிடவேண்டியது.

வைகாசி 9, வெள்ளி

கருட சேவை. எத்தனை ஊர்ச் சனம்! குடை தெரிந்தது, பெருமாள் தெரியவில்லை. பானையைக் கீழே வைத்துக் கும்பிட இடமில்லை. பானையோடு கும்பிட்டேன். பானைத் தண்ணீரில் பாதி நாயக்கர் தலையில்.

உச்சி வெயில் சாய்ந்ததும் மாப்பிள்ளை நழுவினார். நான் வயிற்று வலி என்று நாயக்கரிடம் சொன்னேன். அவர் ஏனோ என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்று, “நெசமாவா? எத்தினி தரம் போன?” என்றார். கேள்வி வித்தியாசமாய் இருந்தது. நின்று யோசிக்க நேரமில்லை.

நாடகக் கொட்டகைப் பக்கம் போகவில்லை மாப்பிள்ளை. வேகவதி மணல். அதைத் தாண்டி மாந்தோப்பு. தோப்புக்குள் ஓலைப் பந்தல். சுற்றிலும் கீற்று அடைப்பு. ஒரு மரத்து மறைவிலிருந்து இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

பாய்கள். பாய்களில் ஆட்கள். கிழவன் ஒருவனை மாப்பிள்ளை மடியில் சாய்த்துச் சங்கில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றுகிறார். கிழவன் குடித்தது அப்படியே வெளியே வருகிறது, அவர் வேட்டியெல்லாம். அவர் துடைக்கிறார். மறுபடியும் ஊற்றுகிறார். துடைக்கிற துணி தனத்தின் சேலை. அந்த ஊதாக் கரை நான் போட்ட சாயம்.

வாசலில் ஒரு அண்டாவில் கத்தரிப்பூ நிறத்தில் தண்ணீர். அதில் கை கழுவுகிறார்கள், துணி முக்குகிறார்கள். வாந்திபேதிக் காலத்தில் கிணற்றில் போடுகிற மருந்து. போன தரம் எங்கள் தெருக் கிணற்றில் போட வந்தபோது, என் பட்டுக்குக் கேடு என்று தெருவே கூடும்படி கத்தியவன் நான்தான். அந்தத் தண்ணீர் காய்ந்தால் இப்படிப் பழுப்புக் கறை வைக்கும் என்று கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சாயக்காரனாம் நான்.

மாப்பிள்ளை என்னைக் கண்டுவிட்டார்.

“அங்கியே நில்லுங்க மாமா! கிட்ட வராதீங்க.”

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மாப்பிள்ளை மரியாதை எல்லாம் போச்சு. “வயித்துல புள்ளயோட என் பொண்ணு இருக்குறா. நீங்க இதுல நின்னுக்கினு...”

“அதுக்குத்தான் மாமா எட்டி எட்டிப் போறேன். குளிக்காம வாசப்படி மிதிக்கிறதில்ல. அப்பவும் பயந்தான். உங்க கால்ல விழறேன், அவள உங்க வீட்டுக்குக் கூட்டிக்கினு போயிடுங்க. நான் ‘போ’ன்னா, ஏன்னு கேட்பா.”

“சொல்லித் தொலைக்கிறதுதானே?”

“வியாதின்னு வெளிய தெரிஞ்சா இந்தக் கூட்டம் ராவோட ராவா ஓடும். ஓடுற ஊருக்கெல்லாம் கொண்டுக்கினு போவும். பந்தலுக்கு வர்ற டாக்டரே சொல்லக்கூடாதுன்னுட்டாரு. சங்கத்துல சத்தியம். அப்புறம், தறியில முகூர்த்தச் சேல. பேதி தொட்ட வீட்டுச் சேலைய யாரு மணவறையில கட்டுவாங்க? முதலாளி பாவோட அறுத்துக்கினு போவாரு. எங்கம்மா என்ன வீட்டுக்குள்ளியே சேர்க்காது.”

“வேற ஆளே இல்லையா உங்களுக்கு?”

“ரெண்டே பேரு மாமா. நானும் இந்த வாத்தியார் வீட்டுப் பையனும்.”

கிழவன் முனகினான். அவர் திரும்பிவிட்டார். நான் மணலில் நடந்து வந்தேன். நாடகக்காரியாகவே இருந்திருக்கலாம். அவளென்றால் கம்பெனியோடு அடுத்த ஊர் போய்விடுவாள்.

வைகாசி 10, சனி

தனத்தை அழைக்கப் போனேன். சம்பந்தியம்மாவிடம், ‘அவ அம்மாவுக்கு முடியல’ என்று பொய். ஒத்துக்கொண்டார். தனம் ஒத்துக்கொள்ளவில்லை.

“யாருன்னு பார்த்தியா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கிளம்பு.”

“நீதானே நாடகக்காரின்ன?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

“இல்ல. பார்த்துட்ட. மறைக்கிற. நான் இன்னிக்கு எழுந்து வந்தா, நாளைக்கு அவ இந்த வீட்டுல வந்து உக்காந்துக்குவா. சாவுற வரைக்கும் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன் நைனா.”

தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் போட்ட சாயத்தில் கெட்டியாய் நின்றது இந்த நாடகக்காரி கதை ஒன்றுதான். எத்தனை அலசினாலும் போகவில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். உள்ளேயிருந்து சம்பந்தியம்மா, “இன்னா சத்தம்?” என்றார்.

வேறு வழியில்லை. கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ராட்டினத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டே, அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். வாந்திபேதி என்ற சொல்லை மட்டும் வாயசைத்தேன். மாப்பிள்ளை காத்த சத்தியம் என்னிடம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

தனம் கிணற்றுச் சுவரில் சாய்ந்தாள். வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“கிழவன் பொழச்சிக்குவானா?”

“தெரியல.”

“அவருக்கு வந்துட்டா?”

நான் கயிற்றை இழுத்தேன்.

துணியை மூட்டை கட்டினாள். வண்டி வைத்துக் கூட்டி வந்தேன். வீடு வந்து இறங்கும்போது, “அம்மாவுக்கு நெசத்தச் சொல்லாத. நாடகக்காரின்னே இருக்கட்டும்” என்றாள்.

வைகாசி 12, திங்கள்

நூல் வந்துவிட்டது. அரக்குச் சாயம். கை வேலை செய்கிறது, காது தெருவில். எவனாவது வேகமாய் நடந்து வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

இவள் காலை முதல் மாப்பிள்ளையை வைகிறாள். தெரு முழுக்க நாடகக்காரி கதை தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஆயா எனக்கு யோசனை சொல்கிறது: “பஞ்சாயத்து வைபா.”

நாயக்கர் வழியில் கண்டார். மேலண்டையில் ஒருவர் போய்விட்டாராம். நான் வழியோரத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவரே சொன்னார், கிழவன்.

தனத்திடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கேற்றப் போனாள்.

வைகாசி 19, திங்கள்

திருவிழா முடிந்தாயிற்று. நேற்று லேசாய்த் தூறல். தெருவெல்லாம் புழுக்கம்.

சாயங்காலம் தெரு முனையில் மாப்பிள்ளை. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார், இந்தப் பக்கம் ஓரடி வைக்கவில்லை. பாதியாய் இளைத்திருக்கிறார். நான் எழுந்து நின்றேன், பழக்கம். அதற்குள் வாசல் தோறும் தலைகள்.

தனம் படியில் வந்து நின்றாள். உச்சந்தலையிலிருந்து கால் வரை அவரைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள் ஒரு குரல். என் பெண்ணுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது.

“இன்னா, கம்பெனி இன்னும் ஊர விட்டுப் போவலியா?”

“இன்னும் மூணு பேரு இருக்குது. அவங்க போனதும் வந்துடறேன்.”

“மூணு பேரா! அடப்பாவி!” என்றது எதிர்வீட்டு ஆயா.

“ராவும் பகலும் அங்கியே கெடந்தா சோறு யாரு போடறா?”

“சங்கத்துல போடறாங்க. நல்லாத் துன்றேன்.”

“சங்கத்துச் சோத்தத் துன்னுட்டு இந்தக் கூத்து!” இது தெருவில் யாரோ.

தனம் மூச்சு வாங்கினாள். தூணைப் பிடித்துக்கொண்டாள். “ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் வருது, இந்த மாதிரி ஆம்பளைக்கு ஒரு வாந்திபேதி வராதா?” என்று கத்தினாள்.

என் வீட்டுக்காரிகூட வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ, அப்டிச் சொல்லாதடி” என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். “வரல தனம். ஒண்ணும் வரல.”

தனம் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் ஓடி வந்து தோளைப் பிடித்தார்கள். “உடு கண்ணு, இவனெல்லாம் ஒரு புருசன்” என்று ஆறுதல். எதிர்வீட்டு ஆயா என்னிடம், “நீயெல்லாம் ஒரு தகப்பனா? வாயத் தொறக்காம நிக்கிறியே!”

திறக்கவில்லை. மாப்பிள்ளை திரும்பிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தேன், முனை தாண்டும் வரை. நடை தள்ளாடவில்லை.